குதிரைத்திறனுக்கு உத்தரவாதம் உண்டா?
பத்து தீகா முதல் செப்பாங் வரை ஒரு சனிக்கிழமைப் பயணம்

கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளானை நோக்கிப் போகிறவர்கள் சுபாங்கைத் தாண்டியதும் பத்து தீகா என்ற பெயர்ப்பலகையைப் பார்ப்பார்கள். அங்கிருந்த டோல் சாவடி 2018-இல் எடுக்கப்பட்டுவிட்டது. இன்று அந்தப் பக்கம் வீடுகளும் கடைவரிசைகளும்தான். ஆனால் ஐம்பது வயதைக் கடந்த கார் பிரியர் ஒருவரிடம் பத்து தீகா என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகம் மாறும். 1968-இல் திறக்கப்பட்ட பத்து தீகா பந்தயத் தடம், செப்பாங் வருவதற்கு முன் முப்பது ஆண்டுகள் இந்நாட்டு மோட்டார் பந்தயத்தின் தாய்வீடாக இருந்தது. 1990-களில் உலக மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரி பந்தயங்களும் இங்கே நடந்தன.

பக்கத்திலேயே ஷா ஆலாம். ரப்பரும் செம்பனையுமாக இருந்த சுங்கை ரெங்கம் தோட்ட நிலம்தான் பிறகு அந்த நகரமானது. அங்கிருந்த தொழிற்சாலையிலிருந்து 1985-இல் முதல் புரோட்டோன் சாகா வெளியே வந்தது. சைக்கிளில் போய்க்கொண்டிருந்த குடும்பங்கள் பல, தவணையில் ஒரு சாகா எடுத்து வாசலில் நிறுத்தின. அப்பாவுக்குக் கார் ஓடினால் போதும். மகனுக்கு அது வேகமாக ஓட வேண்டும். எக்ஸ்ட்ராக்டர் மாற்றுவதும், ஏர் ஃபில்டர் மாற்றுவதும், வீராவுக்குப் பெரிய எஞ்சின் தேடுவதும் அப்படித் தொடங்கிய பழக்கங்கள்தாம்.

பத்து தீகா தடம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. ஆசை மட்டும் போகவில்லை. அது பூச்சோங், கெப்போங், சுங்கை பூலோ தொழிற்பேட்டைகளில் உள்ள பட்டறைகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அன்று ஒரு கார் வேகமா இல்லையா என்பதைத் தடத்தில் கடிகாரம் சொல்லும். இன்று பட்டறையில் 'டைனோ' என்ற உருளை மெஷின் ஒரு தாளில் அச்சடித்துச் சொல்கிறது. அந்தத் தாளில் வரும் எண்ணுக்குப் பட்டறைக்காரர் முன்கூட்டியே உத்தரவாதம் தரலாமா என்ற கேள்வியோடுதான் சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, நண்பரின் மகனோடு இந்த வழியாகப் பூச்சோங்குக்குப் போனேன்.

தம்பிக்கு வயது 24. கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பழைய மைவி 1.5, கையால் கியர் மாற்றும் ரகம். ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த 2,400 வெள்ளி கையில் இருந்தது. ஏற்கெனவே ஒரு பட்டறையில் விசாரித்திருந்தான். "ரீமேப் செய்து கொடுக்கிறோம், 20 குதிரைத்திறன் கூடும், கேரண்டி" என்று அங்கே எழுதியே கொடுத்திருந்தார்கள். அதே வேலையைப் பற்றி பூச்சோங்கில் உள்ள இன்னொருவரைக் கேட்டபோது, "வண்டியைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது" என்று தொலைபேசியை வைத்துவிட்டாராம். பணத்தை யாரிடம் கொடுப்பது என்று தம்பிக்குக் குழப்பம்.

உருளைமேல் ஒரு மைவி

பூச்சோங்கில் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளும் தோட்டங்களும் இருந்த இடமெல்லாம் இப்போது அடுக்குமாடி வீடுகளும் தொழிற்பேட்டைகளும். முனையில் நாசி லெமாக் கடை. அடுத்து டயர் கடை, சாயம் அடிக்கும் கடை, கதவு பாதி இறக்கிய கிடங்குகள். ஐந்தாவதோ ஆறாவதோ நாம் தேடி வந்த பட்டறை. உள்ளே முருகன் படத்துக்கு மல்லிகைச் சரம். எதிர்ச்சுவரில் சீனப் பங்காளியின் சிவப்பு மாடம். இரண்டுக்கும் நடுவே தரையில் பதித்த இரும்பு உருளைகள். ஆள் உயர மின்விசிறி ஒன்று அவற்றை நோக்கி நின்றது.

உரிமையாளருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. தம்பி சுற்றி வளைக்காமல் கேட்டான்.

"எத்தனை குதிரை கூடும், அண்ணே?"

"தெரியாது தம்பி."

"வேற இடத்துல 20 கேரண்டின்னு எழுதிக் கொடுத்தாங்க."

"அப்ப அங்கேயே போயிருக்கலாமே. ஏன் போகல?"

தம்பியிடம் பதில் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே, "வா, முதல்ல உன் வண்டி இப்ப என்ன கொடுக்குதுன்னு பார்ப்போம்" என்றார்.

வண்டியை உருளைமேல் ஏற்றி, நான்கு பக்கமும் பட்டையால் இழுத்துக் கட்டினார்கள். புகைக்குழாயில் ஒரு பெரிய ரப்பர் குழாய். மின்விசிறி இரைந்தது. நான்காவது கியரில் வைத்து, எஞ்சின் சிவப்புக் கோட்டைத் தொடும்வரை ஆக்சிலேட்டரை அமுக்கிப் பிடித்தார் சீனப் பங்காளி. மொத்தம் பத்துப் பன்னிரண்டு விநாடி. வண்டி நின்ற இடத்திலேயே கத்தி ஓய்ந்தது. இப்படி மூன்று ஓட்டம்.

உருளை அளப்பது சக்கரம் கொடுக்கும் முறுக்குவிசையை. அதைச் சுழலும் வேகத்தோடு பெருக்கினால் குதிரைத்திறன் வரும். காலை மணி 9.30, வெயில் ஏறாத நேரம், பட்டறைக்குள் 28 பாகை. மூன்று ஓட்டத்தின் சராசரி 84.3 குதிரைத்திறன்.

தம்பியின் முகம் வாடிவிட்டது. "கம்பெனி 103-னு சொல்லுதே அண்ணே!"

அதற்கு அவர் சொன்ன பதிலில் முதல் பாடம் இருந்தது. தொழிற்சாலை சொல்லும் 103, எஞ்சினைத் தனியாக வைத்து அளந்தது. கியர்பெட்டி, அச்சு, டயர் எல்லாம் தங்கள் பங்கைத் தின்ற பிறகு சக்கரத்துக்கு வந்து சேர்வதுதான் இந்த 84. மேலும் அந்த 103 என்பது 'பி.எஸ்.' என்ற ஜெர்மானிய அளவு, 735.5 வாட். ஆங்கிலேயக் குதிரைத்திறனோ 745.7 வாட். பெயர் ஒன்றுபோலத் தெரிந்தாலும் குதிரைகள் ஒன்றல்ல.

காகிதத்தில் ஓடும் குதிரை

"சரி, இப்ப உனக்கு நான் 20 குதிரை கூட்டித் தரேன் பாரு. எஞ்சினைத் தொடவே மாட்டேன்" என்று ஒரு தாளையும் பேனாவையும் எடுத்தார்.

84.3-ஐ பி.எஸ். அளவுக்கு மாற்றினால் 85.5. அடுத்தது, திருத்தக் காரணி. காற்றின் வெப்பம், அழுத்தம், ஈரம் ஆகியவை நாளுக்கு நாள் மாறுவதால், அளந்த எண்ணைப் பொதுவான ஒரு வானிலைக்கு மாற்றிச் சொல்வது வழக்கம். அந்தப் பொது வானிலைக்கே பல தரங்கள் உள்ளன. ஒன்று 25 பாகை என்று வைத்துக்கொள்ளும். பழைய அமெரிக்கத் தரம் ஒன்று 15.5 பாகைக் குளிரை வைத்துக்கொள்ளும். கணினியில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றினாலே ஏறத்தாழ 4 விழுக்காடு கூடிவிடும். 85.5 இப்போது 88.9 ஆயிற்று. கடைசியாக, "கியர்பெட்டி 15 விழுக்காடு தின்றுவிட்டது" என்று ஒரு மதிப்பைத் தட்டினால் சக்கரத் திறன் எஞ்சின் திறனாகிவிடும். 88.9-ஐ 0.85-ஆல் வகுத்தால் 104.6.

"84 எங்கே, 104 எங்கே? இருபது குதிரை வந்தாச்சா?" என்றார். "முன்னுக்கு ஒரு தாள், பின்னுக்கு ஒரு தாள். ரெண்டுலயும் மேலே சின்ன எழுத்துல என்ன போட்டிருக்குன்னு எத்தனை பேர் படிக்கிறாங்க?"

டைனோ மெஷின்களும் ஒரே சாதி அல்ல. கனமான உருளை வேகமெடுக்கும் விதத்தை வைத்துக் கணக்கிடுபவை உண்டு. மின்காந்த பிரேக் போட்டு வண்டியைத் திணறவைத்து அளப்பவை உண்டு. சக்கரத்தையே கழற்றிவிட்டு அச்சுமுனையில் பூட்டி அளப்பவையும் உண்டு. ஒரே காரை மூன்றிலும் ஓட்டினால் மூன்று எண் வரும். ஆகவே ஒரு பட்டறையின் எண்ணை வேறொரு பட்டறையின் எண்ணோடு ஒப்பிடுவதே தவறு. எண் மெஷினுக்குச் சொந்தம். கூடியது எவ்வளவு என்ற வித்தியாசம் மட்டுமே காருக்குச் சொந்தம்.

எஞ்சினிலிருந்து எடுத்துக்கொடுத்தால்

காகித வித்தையைவிட அபாயமான வழி ஒன்று இருக்கிறது. உத்தரவாதம் கொடுத்துவிட்ட டியூனர் நேர்மையானவர் என்றே வைத்துக்கொள்வோம். 20 என்று எழுதிக் கொடுத்தாயிற்று, 12-தான் வருகிறது. பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது மீதி எட்டை எங்கிருந்தாவது எடுக்க வேண்டும். எங்கிருந்து எடுப்பார்?

ஒவ்வோர் எஞ்சினிலும் தொழிற்சாலை கொஞ்சம் பாதுகாப்பு இடைவெளி விட்டுவைக்கிறது. தரம் குறைந்த பெட்ரோல், கடும் வெயில், மலையேற்றம், சாலை நெரிசல் எல்லாவற்றையும் தாங்குவதற்கான இடைவெளி அது. தீப்பொறி விழும் நேரத்தை முன்னுக்குத் தள்ளி, பெட்ரோல் கலவையைக் குறைத்து, டர்போ இருந்தால் அதன் அழுத்தத்தை ஏற்றி, அந்த இடைவெளியைக் குதிரைத்திறனாக மாற்றிவிடலாம். காலைக் குளிரில் பன்னிரண்டு விநாடி ஓட்டத்தில் தாளில் எண் அழகாக வரும். பிறகு மாலை மணி 5.30-க்கு, 34 பாகை வெயிலில், கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் நின்று நகர்ந்து, காலியான சாலை கிடைத்ததும் ஓர் அமுக்கு அமுக்கும்போது எஞ்சின் 'நாக்கிங்' அடிக்கும். பெட்ரோல் தன் நேரத்துக்கு முன் வெடித்து பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பது போன்றது அது. ஒருநாளில் தெரியாது. ஆறு மாதத்தில் வளையம் உடைந்து வெள்ளைத் துணிபோலப் புகை வரும்போது தெரியும்.

"கேரண்டியைக் காப்பாத்திடுவாங்க தம்பி. உன் எஞ்சினை வச்சுக் காப்பாத்துவாங்க" என்றார் உரிமையாளர்.

வண்டியில் ஊற்றும் பெட்ரோலும் டியூனரின் கையில் இல்லை. ரோன் 97-க்கு ஏற்றபடி அமைத்துக் கொடுத்த காரில், மானிய விலையில் கிடைக்கும் ரோன் 95-ஐத்தான் பெரும்பாலோர் ஊற்றுவார்கள். சம்பளக்காரனைக் குறைசொல்லவும் முடியாது. நாக்கிங்கை உணர்ந்ததும் காரின் கணினி தீப்பொறியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய குதிரைகள் அன்றே லாயத்துக்குத் திரும்பிவிடும்.

காற்றும் அப்படித்தான். வெப்பம் 3 பாகை ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 1 விழுக்காடு குறையும். நம் ஊர் ஈரக்காற்றில் நீராவி பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்வது வேறு. டர்போ இல்லாத கார் கெந்திங் மலையில் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்துக்கு ஏறும்போது தன் திறனில் ஆறில் ஒரு பங்கை வழியிலேயே விட்டுவிடுகிறது. இதற்கெல்லாம் பட்டறைக்காரர் எப்படிப் பொறுப்பேற்பார்?

உத்தரவாதத்தோடு பிறந்த அளவு

இப்படி எல்லாம் கேட்டால் டியூனர் எந்த வாக்கும் தரக்கூடாது என்று முடித்துவிடத் தோன்றும். ஆனால் குதிரைத்திறன் என்ற அளவே ஒரு வியாபார வாக்குறுதியில் பிறந்ததுதான்.

ஜேம்ஸ் வாட்டும் அவருடைய பங்காளி போல்ட்டனும் தங்கள் நீராவி எஞ்சினைச் சுரங்கங்களுக்குக் கொடுத்தபோது, பழைய நியூகோமன் எஞ்சினைவிட எவ்வளவு நிலக்கரி மிச்சமாகிறதோ அதன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கூலியாகக் கேட்டார்கள். மிச்சம் இல்லையென்றால் கூலியும் இல்லை. எஞ்சின் எத்தனை தடவை அடித்தது என்று எண்ண, யாரும் கைவைக்க முடியாதபடி பூட்டிய பெட்டிக்குள் ஓர் எண்ணும் கருவியை வைத்தார்கள். பழைய எஞ்சினே இல்லாமல் குதிரை கட்டி வேலை வாங்கிய ஆலைகளில் எதனோடு ஒப்பிடுவது? அப்போதுதான் ஒரு குதிரை நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை செய்யும் என்று கணக்கு வைத்தார் வாட். இன்றைய 745.7 வாட் அங்கிருந்து வந்ததே.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வாட் "உங்கள் சுரங்கத்தில் இத்தனை டன் மிச்சமாகும்" என்று எண்ணுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. எப்படி அளப்பது, எதனோடு ஒப்பிடுவது, யாரும் ஏமாற்றாமல் எப்படிப் பூட்டுவது என்ற முறைக்கு வாக்குக் கொடுத்தார். வரும் பலனைப் பொறுத்தே தன் கூலியை வைத்துக்கொண்டார்.

பெரிய கார் நிறுவனங்களோ எண்ணையே விளம்பரம் செய்து மாட்டிக்கொண்டது உண்டு. 1999-இல் ஃபோர்டு தன் மஸ்டாங் கோப்ரா காருக்கு 320 குதிரைத்திறன் என்று சொல்லி விற்றது. வாங்கியவர்கள் டைனோவில் ஏற்றிப் பார்த்தபோது கணக்கு உதைத்தது. ஃபோர்டு விற்பனையை நிறுத்தி, விற்ற கார்களைத் திரும்ப அழைத்து, பாகங்களை இலவசமாக மாற்றிக்கொடுத்தது. 2001-ஆம் ஆண்டு மியாட்டா காருக்கு 155 என்று அமெரிக்காவில் சொன்ன மாஸ்டா, உண்மையில் 142-தான் என்று தெரிந்ததும், விரும்பியவர்களிடம் காரைத் திரும்ப வாங்கிக்கொள்ள முன்வந்தது. ஜப்பானில் கதை தலைகீழ். 1989 முதல் 2004 வரை எந்த நிறுவனமும் 280 பி.எஸ்.-க்கு மேல் சொல்வதில்லை என்ற எழுதாத ஒப்பந்தம் இருந்ததால், நம் இளைஞர்கள் உயிரை விடும் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். போன்ற கார்கள் தாளில் 280 என்று அடக்கமாக இருந்து, டைனோவில் அதைத் தாண்டின.

கோடிக்கணக்கில் செலவழித்து, புத்தம்புது எஞ்சினை ஆய்வுக்கூடத்தில் அளக்கும் நிறுவனங்களுக்கே இந்த நிலை. 1,80,000 கிலோமீட்டர் ஓடிய, யார் யாரோ கைவைத்த ஒரு மைவிக்குத் தொலைபேசியிலேயே 20 என்று சொல்கிறவரை என்னவென்பது?

தையற்காரரா, வைத்தியரா?

நாசி லெமாக் கடையில் தே தாரிக் குடிக்கும்போது தம்பி விடவில்லை. "அண்ணே, காசு கொடுக்கிறது நான். தையற்காரர் அளவு எடுத்துச் சட்டை தைக்கிறார். பத்தலைன்னா அவர்தானே பொறுப்பு? உங்களுக்கு மட்டும் ஏன் பொறுப்பு இல்ல?"

நியாயமான கேள்வி. உரிமையாளரும் யோசித்துத்தான் பதில் சொன்னார். "தையற்காரர் துணியை அவரே பார்த்து வாங்குறார். எனக்கு நீ துணியைக் கொண்டாந்து கொடுக்கிற. பழைய துணி. நான் வைத்தியர் மாதிரி. குணமாகும்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா தப்பான மருந்து கொடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணலாம்."

அவர் சொன்னதில் பாதியைத்தான் ஏற்க முடிந்தது. டர்போ உள்ள புதிய கார்களில் ரீமேப் மட்டுமே 20 முதல் 30 விழுக்காடு வரை கூட்டுவது சாதாரணம். ஒரே ரக காரை ஐம்பது முறை தன் மெஷினிலேயே ஏற்றிப் பார்த்த டியூனருக்கு, என்ன வரும் என்று நன்றாகத் தெரியும். அவரும் "ஒவ்வொரு வண்டியும் ஒரு மாதிரி" என்று கையை விரித்தால் அது வைத்தியம் அல்ல, நழுவல். விளம்பரத்தில் '30 குதிரை' என்று கொட்டை எழுத்தில் போட்டு ஆளைக் கூப்பிட்டுவிட்டு, பணம் கைமாறிய பிறகு வானிலையையும் பெட்ரோலையும் காரணம் காட்டுவது அதைவிட மோசம்.

இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. பட்டறைக்குத் திரும்பியதும் ரசீதுப் புத்தகத்தை எடுத்துத் தம்பிக்கு இப்படி எழுதிக் கொடுத்தார்: ஒரே மெஷின், ஒரே நாள், ஒரே கியர், ஒரே பெட்ரோல். முன்னும் பின்னும் மும்மூன்று ஓட்டம்; ஆறு தாளும் வாடிக்கையாளருக்கு. நாக்கிங் பதிவும் உடன் தரப்படும். பழைய கோப்பு பத்திரமாக இருக்கும். முப்பது நாளுக்குள் பிடிக்காவிட்டால் இலவசமாகத் திருப்பிப் போடப்படும். கூடுதல் 3 குதிரைத்திறனுக்குக் கீழே இருந்தால் டைனோ கூலி மட்டும். ரீமேப் கூலி வேண்டாம்.

உத்தரவாதமே தரமாட்டேன் என்றவர் எழுதிக் கொடுத்தது, 20 என்று எழுதிக் கொடுத்தவரின் தாளைவிடக் கனமாக இருந்தது.

வேலை முடியப் பிற்பகல் மணி ஒன்றரை ஆயிற்று. பட்டறைக்குள் 35 பாகை. அவர் நேரே 'பின்' ஓட்டத்துக்குப் போகவில்லை. பழைய கோப்பை மறுபடி ஏற்றி, அதே வெப்பத்தில் 'முன்' ஓட்டத்தைத் திரும்ப ஓட்டச் சொன்னார். காலையில் 84.3 காட்டிய கார், எதுவும் மாறாமலேயே 81.6 காட்டியது. பிறகு புதிய கோப்பு: 86.2. கூடியது 4.6.

நேற்று பிற்பகல் 'முன்', இன்று காலை 'பின்' என்று திருத்தம் போடாமல் ஓட்டியிருந்தால், ஒரு பொய்யும் சொல்லாமல் 7-க்கு மேல் காட்டியிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை.

தம்பிக்கு ஏமாற்றம்தான். "இருபதுன்னு நினைச்சு வந்தேன்" என்றான். "இருபது வேணும்னா டர்போ போடணும், பிஸ்டன் மாத்தணும், ஜே.பி.ஜே.யைக் கேட்கணும், இன்சூரன்சுக்குச் சொல்லணும். அந்தக் காசுக்கு வேற காரே வாங்கலாம்லா" என்று பதில் வந்தது. கூலி 900 வெள்ளி. மீதி 1,500 தம்பியின் பையிலேயே இருந்தது.

புத்ராஜெயா என்ன சொல்கிறது?

பூச்சோங்கிலிருந்து தெற்கே இறங்கினால் புத்ராஜெயா. உள்நாட்டு வாணிப அமைச்சும் பயனீட்டாளர் தீர்ப்பாயமும் இங்கேதான் உள்ளன. கார் டியூனிங்கைப் பற்றித் தனிச்சட்டம் தேவையில்லை. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமே போதுமான அளவு பேசுகிறது.

சேவை வழங்குபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும் என்பது, யாரும் எழுதிக் கொடுக்காமலேயே சட்டம் தரும் உத்தரவாதம். வாடிக்கையாளர் தனக்கு இன்ன பலன் வேண்டும் என்று முன்கூட்டியே தெரிவித்து, வழங்குபவரின் திறமையை நம்பி வேலையைக் கொடுத்திருந்தால், அந்தப் பலனை எதிர்பார்க்கத்தக்க வகையில் வேலை இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. பொய்யான, திசைதிருப்பும் விளம்பரத்துக்குத் தடையும் உண்டு. தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டணம் செலுத்தி, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலேயே மூன்று ஆண்டுகளுக்குள் கொண்டுபோகலாம்.

ஆனால் தீர்ப்பாயத்தில் பேசப்போவது தாள்தான். "கூடும்னு வாயால சொன்னாரு" என்பது அங்கே நிற்பது கடினம். முன்–பின் ஓட்டத் தாள்கள், ரசீதில் எழுதிய நிபந்தனை, வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம் ஆகியவை நிற்கும். எனவே முறைக்கு உத்தரவாதம் கேட்பது வாடிக்கையாளருக்குத்தான் பெரிய பாதுகாப்பு. நேர்மையான டியூனருக்கும் அதுவே கவசம். நாளைக்கு வேறொரு பட்டறையின் தாளைக் கொண்டுவந்து சண்டை போடுகிறவரிடம் காட்ட, அவர் கையிலும் ஏதாவது இருக்க வேண்டுமே.

செப்பாங்கில் கடைசிக் கணக்கு

புத்ராஜெயாவைத் தாண்டி டிங்கில், சாலாக் திங்கி வழியாகப் போனால், விமான நிலையத்தின் பக்கத்தில் செப்பாங் பந்தயத் தடம். செம்பனைக் காட்டுக்கு நடுவே 1999-இல் எழுந்தது. 5.543 கிலோமீட்டர் நீளம், 15 வளைவுகள். 2017 வரை ஃபார்முலா ஒன் கார்கள் ஓடிய அதே தார்ச்சாலையில், சில நாள்களில் நம்மைப் போன்றவர்களும் கட்டணம் கட்டிச் சொந்தக் காரை ஓட்டலாம்.

அன்றும் சில கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. பெரிய டர்போ காரில் வந்த ஒருவர் முதல் சுற்றில் சீறிக்கொண்டு போனார். மூன்றாவது சுற்றில் வெப்பம் ஏறி, காரின் கணினியே திறனைக் குறைத்துக்கொள்ள, மெதுவாக ஓரம் வந்துவிட்டார். பின்னால் வந்த பழைய சத்ரியா ஒன்று மட்டும் அலுக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. சாதாரணக் கார் ஒன்று செப்பாங்கை ஒருமுறை சுற்ற இரண்டரை, மூன்று நிமிடம் ஆகும். டைனோ பார்ப்பது அதில் பன்னிரண்டு விநாடியை மட்டும். இங்கே நடக்கும் 1,000 கிலோமீட்டர் நெடும் பந்தயத்திலோ 180 சுற்றுக்கு மேல் ஓட வேண்டும். அதில் கோப்பை வாங்கும் காரிடம் யாரும் டைனோ தாளைக் கேட்பதில்லை. கடைசிவரை ஓடியதா என்றுதான் பார்க்கிறார்கள்.

சம்பளத்துக்குப் போய்வர வைத்திருக்கும் காருக்கும் இதே கணக்குதான். கார் ஒருநாள் நின்றால் வேலைக்குப் போக வழி இல்லை. எஞ்சின் போனால் இரண்டு மாதச் சம்பளம் போயிற்று. ஆகவே, எத்தனை குதிரை கூடும் என்று டியூனரைக் கேளுங்கள், தவறில்லை. "இந்த அளவிலிருந்து இந்த அளவுக்குள் வரும், குறைந்தது இவ்வளவு வராவிட்டால் கூலி வேண்டாம்" என்று சொல்கிறாரா என்று பாருங்கள். ஒரே மெஷினில், ஒரே நாளில், முன்னும் பின்னும் அளந்து எல்லாத் தாளையும் தருவாரா? எந்தப் பெட்ரோலுக்கு அமைக்கிறார்? பழைய நிலைக்குத் திருப்பித் தருவாரா? நிறுவன உத்தரவாதமும் இன்சூரன்சும் என்னவாகும் என்று தானாகவே எடுத்துச் சொன்னாரா? இவற்றுக்கு எழுத்தில் பதில் வந்தால் பணத்தைக் கொடுங்கள்.

வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு முழு எண்ணை நீட்டுகிறவரிடம் மட்டும், அந்த எண் எங்கிருந்து வரப்போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தாளிலிருந்து வந்தால் உங்கள் காசு போகும். எஞ்சினிலிருந்து வந்தால் காரும் சேர்ந்து போகும்.